எழுபதடிச் சாலை

தன் வீட்டின் மேல் ஒரு சாலை போகிறது என்று விஜிலாவுக்குத் தெரியவந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மாடி எடுக்க அனுமதி கேட்டு அவளுடைய அப்பா செபஸ்தியான் காலையிலேயே திட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தார். மதியம் திரும்பி வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல், தெருவில் நின்றபடி, யாரோ கட்டிய வீட்டைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, அனுமதி குடுத்தாங்களா?”

“நம்ம வீட்டு மேல ரோடு போகுதாம்ளா. எழுபதடி ரோடு.”

“எங்கன? இங்கன ரோடே இல்லையே.”

“அவங்க படத்துல இருக்கு.”

தூத்துக்குடி அடுத்த இருபது ஆண்டுகளில் எப்படி வளர வேண்டும் என்று ஒரு முழுமைத் திட்டம் போட்டிருந்தார்கள். எங்கே ஆலை, எங்கே குடியிருப்பு, எந்த வழியாகச் சாலை என்று எல்லாம் அதில் இருந்தது. உப்பளங்களிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போக ஒரு வழி வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான். அவர்கள் கோடு கிழித்தபோது ஊரின் அந்த ஓரம் வெறும் பொட்டல். அதே சமயத்தில்தான் செபஸ்தியான் அங்கே வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோட்டைப் பற்றித் தெரியாது. கோடு போட்டவர்களுக்கு அவரைப் பற்றித் தெரியாது.

அதன்பிறகு அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. மாடி எடுக்க முடியவில்லை. இடித்துக் கட்ட அனுமதி இல்லை. எந்த வங்கியும் அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கவில்லை. விற்கத் தடையில்லை, ஆனால் வாங்க ஆளில்லை. ஒருமுறை சாயர்புரத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் கட்டிலை எங்கே போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டுப் போனாள். ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். “விசாரிச்சோம். வீடு நல்ல வீடுதான். தப்பா நெனைக்காதீங்க.”

சாலையும் வரவில்லை. வந்திருந்தால் ஈட்டுத்தொகையை வாங்கிக்கொண்டு வேறெங்காவது போயிருக்கலாம். வராமலேயே அது அவர்களைப் பிடித்து வைத்திருந்தது.

செபஸ்தியான் இறந்தபோது வீடு மகன் ரோச்சுக்கும் மகள் விஜிலாவுக்கும் சரிபாதியாக வந்தது. ரோச் இளம் வயதில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் இருந்தான். பிறகு துறைமுகத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டினான். விஜிலா ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் சுங்கத்துக்கான காகிதங்களைத் தயார் செய்தாள். அவளுக்குத் திருமணம் ஆகவில்லை. அந்தப் பேச்சு வீட்டில் நின்றுபோய் நெடுங்காலம் ஆகியிருந்தது. ரோச்சின் மனைவி மரியசெல்வி, மகன் அனிஷ், அம்மா, எல்லோரும் அந்த ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

கடல் காற்றும் உப்பளக் காற்றும் சேர்ந்து கூரைக்குள் இருந்த கம்பியை அரித்தன. காரை அங்கங்கே உப்பி நின்றது. கூரையைப் பிரித்துப் போட வேண்டும் என்று விஜிலா சொன்னாள்.

“நாளைக்கு ரோட்டுக்காரன் வந்து இடிக்கப் போற வீட்டுக்கு எவனாவது கூர போடுவானா?” என்றான் ரோச்.

“நாளைக்கு நாளைக்குன்னு பதினேழு வருசம் ஆச்சு.”

“அப்பம் நீயே போடு.”

அந்த வருடம் ஜூலைக் கடைசியில், மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறிய மறுநாள், கிழக்கு ஓரத்து அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் மேல் கூரையிலிருந்து ஒரு பாளம் விழுந்தது. இடுப்பெலும்பு உடைந்தது. மூன்று மாதம் படுக்கையில் இருந்து அம்மா இறந்துபோனாள். அடக்கம் முடிந்து கோயிலிலிருந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி, உறவினர்கள் இன்னும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது விஜிலா அண்ணனைப் பார்த்து, “அம்மாவ நீதான் கொன்ன” என்றாள்.

ரோச் பதில் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அடுத்த பத்து வருடமும் சொல்லவில்லை. கூடத்தின் நடுவே ஒரு பீரோவை நகர்த்திவைத்து வீட்டை இரண்டாக்கினான். குசினி மட்டும் ஒன்று. காலை ஆறரைவரை விஜிலா சமைப்பாள், அதன்பிறகு மரியசெல்வி. மின்சாரக் கட்டணம், தண்ணீர், கழிவுநீர் அடைப்பு எல்லாவற்றுக்கும் மரியசெல்விதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல் கொண்டுபோனாள். பீரோவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுவதும் செருப்பைக் கழற்றுவதும் விஜிலாவுக்குக் கேட்கும். முகம் பார்க்கப் பிடிக்காத ஒருவனின் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கும் போக வழியில்லை. அவள் பங்கை யாரும் வாங்க மாட்டார்கள், அவன் பங்கையும்தான்.

வீட்டுக்குக் கிழக்கே முப்பதடி அகலத்துக்கு வெற்றிடம் கிடந்தது. அதைத் தாண்டி ஆறு தகரக் கொட்டகைகள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அரசு பட்டா கொடுத்த இடம் அது. முதல் கொட்டகையில் சுடலைமாடத்தியும் அவள் கணவன் காசிலிங்கமும் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்கள். அவள் பாத்தியில் உப்பு வாருவாள், அவன் மூட்டை ஏற்றுவான். 2023 டிசம்பரில் பெருமழை வந்து ஊரே மிதந்தபோது அந்தக் கொட்டகைக்காரர்கள் எல்லோரும் இவர்கள் மொட்டைமாடியில்தான் மூன்று நாள் கிடந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் சுடலைமாடத்தியின் சின்ன மகனைத் தோளில் தூக்கிவந்தவன் ரோச். தார்ப்பாய்க்கு அடியில் கஞ்சி காய்ச்சி ஊற்றியவள் விஜிலா. அந்த மூன்று நாளும்கூட அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் புதிய முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியானது. 2041 வரைக்குமான திட்டம். பெரிய வரைபடத்தை ஒரு மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாகச் செய்தித்தாளில் படித்துவிட்டு விஜிலா அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லி அங்கே போனாள்.

சுவர் முழுக்கப் படம். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, நீர்நிலைக்கு நீலம். ஆட்கள் கூட்டமாக நின்று தங்கள் தெருவை விரலால் தேடிக்கொண்டிருந்தார்கள். தெற்கு ஓரத்துக்கு அவள் போனபோது அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றிருந்தான். முதுகைப் பார்த்ததுமே தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் அவளுக்கும் அதே இடத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பக்கத்தில் போய் நின்றாள். ரோச் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னான்:

“அதே இடத்துலதான் போட்டிருக்கானுவ.”

அவன் வேறு யாரிடமாவது சொல்கிறானோ என்று விஜிலா சுற்றிப் பார்த்தாள். யாருமில்லை.

“பழைய படத்தப் பாத்து அப்பிடியே வரைஞ்சிருக்காங்க” என்றாள்.

மேசையில் உட்கார்ந்திருந்த இளம் அதிகாரியின் பெயர் ஜெயபிரியா. ஸ்ரீவைகுண்டத்துக்காரி. பொறுமையாகக் கேட்டாள். “அறுபது நாளைக்குள்ள ஆட்சேபணை எழுதிக் குடுங்க. பட்டா ரெண்டு பேர் பேர்லயும் இருக்கா? அப்ப ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், விசாரணைக்கும் ரெண்டு பேரும் வரணும். இன்னொண்ணு, எங்க வீட்ட விட்டுருங்கன்னு மட்டும் எழுதினா நடக்காது. ரோடு வேற எந்தப் பக்கமாப் போகலாம்னு காரணத்தோட காட்டுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபிறகு மூவரும் குசினியில் கூடினார்கள். மரியசெல்வி ஒரே மேசையில் இரண்டு பேருக்கும் தேநீர் வைத்துவிட்டு, ஏதாவது பேசினால் இது கலைந்துவிடுமோ என்று பயந்தவள்போல ஒதுங்கி நின்றாள். ரோச் ஒரு தாளில் தெருக்களை வரைந்தான். டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு ஊரின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்.

“கிழக்க ஒரு எழுபதடி தள்ளிப் போட்டா நேரா மெயின் ரோட்டுல போயி முட்டும். வளைவே கெடையாது. எழுது.”

“கிழக்க அவங்க இருக்காங்களே.”

“தகரக் கொட்டகதான? அவங்களுக்கு அரசாங்கமே வேற எடம் குடுத்துரும். நமக்கு யாரு குடுப்பா?”

விஜிலா பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பத்து வருடம் கழித்து அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் தலை பாதி நரைத்திருப்பதை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறாள். இந்தத் தாளை மூடினால் பீரோவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். அவள் எழுதினாள்: ‘எங்கள் வீட்டுக்குக் கிழக்கே உள்ளது காலி இடம். அவ்வழியே சாலை அமைத்தால் யாருக்கும் பாதிப்பு இல்லை.’

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விசாரணையில் ஒரு மனுவுக்கு நான்கு நிமிடம். மேலதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜெயபிரியா செயற்கைக்கோள் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். மேலிருந்து பார்க்க அவர்கள் வீடு ஒரு வெள்ளைச் சதுரம். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஆறு சின்னச் சதுரங்கள்.

“இங்க ஏதோ தகரம் தெரியுதே. யாரும் குடியிருக்காங்களா?” என்றாள் அவள்.

“உப்பளத்துச் சாமான் போடுத கொட்டகை, மேடம்” என்றான் ரோச். “ஆளு யாரும் இல்ல.”

ஜெயபிரியா விஜிலாவைப் பார்த்தாள். விஜிலா திரையைப் பார்த்தாள். அந்தச் சாம்பல் சதுரங்களில் முதலாவதன் கதவுக்குப் போன பொங்கலுக்குத்தான் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. நான்கு நிமிடம் முடிந்துவிட்டது.

இடத்தைப் பார்க்க ஓர் அளவையாளர் வந்தது உண்மைதான். அவர் வந்தது காலை பத்து மணிக்கு. பெரியவர்கள் உப்பளத்தில், பிள்ளைகள் பள்ளியில். ஆறு கதவிலும் பூட்டு. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து இறுதித் திட்டம் ஒப்புதலாகி வெளிவந்தது. சாலை கிழக்கே நகர்ந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை ரோச் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிவந்தான். பீரோவை அவனும் மரியசெல்வியும் சேர்ந்து தள்ளி ஓரமாக்கினார்கள். அதன் கால்கள் பதிந்திருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. நால்வரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த அனிஷ் அதற்கென்றே வந்திருந்தான். திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருக்கும் தங்கதுரை என்பவர் வீட்டைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ள உடனே சம்மதித்தார். ரோச்சும் மரியசெல்வியும் மகனோடு போய் இருப்பது, விஜிலா அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குப் போவது என்று முடிவானது. அந்த வீட்டை அவள் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தால் கலங்கரை விளக்கம் தெரிந்தது. கூரை புதுக் கூரை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு கீறல் இல்லை.

பத்திரப் பதிவுக்கு ஐந்து நாள் இருந்தபோது சுடலைமாடத்தி வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். காலில் உப்புப் பூத்திருந்தது. கையில் ஒரு கடிதம்.

“யக்கா, இத வாசிச்சுச் சொல்லுங்க. மழையில போன வீட்டுக்குப் பதிலா காங்கிரீட்டு வீடு கட்டிக்கிடச் சொல்லி ஆர்டர் வந்துச்சுல்லா? வானம் தோண்டியாச்சு. கல்லு எறக்கியாச்சு. இப்பப் போயி வேலைய நிறுத்துங்காங்க.”

விஜிலா வாசித்தாள். மனை முன்மொழியப்பட்ட சாலைக்குள் வருவதால் கட்டடம் கட்ட அனுமதிக்க இயலாது என்று இருந்தது. திட்ட அலுவலகத்திலிருந்து அன்று அப்பா கொண்டுவந்த கடிதத்திலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான் இருந்தன.

“ரோடு எப்ப வருமாம்?”

“அது தெரியாது.”

“வராட்டா கட்டிக்கிடலாம்லா?”

“வராட்டாலும் கட்ட முடியாது, சுடல.”

“எம்புட்டு நாளைக்கு?”

“2041 வரைக்கும். அதுக்குப் பொறவும் இருக்கலாம்.”

சுடலைமாடத்தி மனதுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தாள். பிள்ளைகளின் வயதாக இருக்கும். பிறகு கேட்டாள்: “இந்தக் கோடு உங்க வீட்டு மேலல்லா இருந்துச்சு? நீங்கதான சொல்லிச் சொல்லி வருத்தப்படுவிய. அது எப்பிடி எங்க மேல வந்துச்சு?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஐந்து நாள்தான்.

“நாங்கதான் மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தோம்” என்றாள் விஜிலா. “அங்கன ஆளே இல்லன்னு எழுதினோம். எழுதுனது நான்தான்.”

சுடலைமாடத்தியின் பார்வை மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டுக்குப் போயிற்று.

“மூணு நாளு மேல வச்சுக் கஞ்சி ஊத்துனியளே, யக்கா.”

கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விஜிலா ஜெயபிரியாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

“இத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மேடம். இப்ப கெஸட்ல வந்தாச்சு. மாறுதல் வேணும்னா தகவல் தப்புன்னு நீங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கணும். குடுத்தா சாலை பழையபடி உங்க வீட்டுக்கே வந்துரும். பரவால்லையா?”

அன்று மாலை இதையும், சுடலைமாடத்தியிடம் உண்மையை ஒப்புக்கொண்டதையும் அவள் அண்ணனிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைத் தள்ளி வைத்தான்.

“ஒனக்குக் கிறுக்கா? நாலு நாளுதான் இருக்கு.”

“அவங்க காலத்துக்கும் கொட்டகையிலயே கெடக்கணும்ணா.”

“நாம கெடக்கலியா? அப்பா கெடந்து செத்தாரு. அம்மா…” அவன் நிறுத்திக்கொண்டான். “நமக்காக எவன் வந்து எழுதிக் குடுத்தான்?”

“நீ எழுதாட்டா பத்திரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நீயும் கோடு போடுதியா?” என்றான் ரோச். எழுந்துபோய் ஒற்றை ஆளாகப் பீரோவைத் தள்ளித் தள்ளிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். தரை கீறிய சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

பதிவு நாள் கடந்துபோனது. ஒரு மாதம் பொறுப்பதாகத் தங்கதுரை சொன்னார். குசினியில் மறுபடியும் ஆறரைக்கு முன், ஆறரைக்குப் பின். இந்த முறை கதவைப் பூட்டியவள் தானே என்பதால் விஜிலாவுக்கு மூச்சு முட்டியது. கலங்கரை விளக்கம் தெரியும் ஜன்னலை நினைத்தபோதெல்லாம் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. இரண்டுமுறை அண்ணனிடம் சொல்லப் பீரோவரை நடந்துபோய்த் திரும்பினாள். கிழக்குப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் சுடலைமாடத்தியின் அஸ்திவாரக் குழி தெரிந்தது. அவள் எதிரே வந்தால் விஜிலா தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

மூன்றாவது வாரம், உப்புக் கிட்டங்கி வாசலில் டிரெய்லரை நிறுத்தியிருந்த ரோச்சைக் காசிலிங்கம் தேடிவந்தான். அடி விழும் என்று நினைத்து ரோச் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

“அண்ணாச்சி, ஒங்ககிட்டத்தான் ஒரு உதவி கேக்கணும்னு இருந்தேன்” என்றான் காசிலிங்கம். “எவனோ ஒரு பாவிப்பய நம்ம எடத்துல ஆளே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கானாம், தலையாரி சொன்னாரு. அதுனால வீட்டு வேல நின்னு போச்சு. எனக்கு அந்த ஆபீசுல பேசத் தெரியாது. நீங்க ஒரு எட்டு கூட வாரியளா? ஒங்களுக்குத்தான் அங்கன எல்லாம் பழக்கம்.”

“ஒம் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலியால?”

“அவ வாயே தொறக்க மாட்டேங்கா. என்னமோ பேய் புடிச்ச மாதிரி இருக்கா.”

தன் புருஷன் யாருடனும் மல்லுக்கு நிற்கக் கூடாது என்று அவள் அதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறாள் என்பது ரோச்சுக்குப் புரிந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டான். வேறு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிழக்கே போனான். ஒரு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும்.

“ஏளா விஜி, இங்கன வா.”

அவள் போய் நுனியைப் பிடித்தாள். வெற்றிடம் முப்பதடி நான்கு அங்குலம். ரோச் சுவரில் கையூன்றி நின்று கணக்குப் போட்டான்.

“எழுபதடி எதுக்குப் போட்டான்? உப்பு லாரிக்கு. உப்பு லாரி இப்பம் எல்லாம் பைபாஸ்லதான் போகுது. நான்தான தெனமும் பாக்கேன். இங்கன நாப்பதடி இருந்தாத் தாராளம். முப்பது இந்தா கெடக்கு. மிச்சம் பத்தடி.” அவன் தங்கள் வீட்டின் கிழக்குச் சுவரைத் தட்டினான். “நம்ம ரெண்டு ரூமு.”

“அவங்ககிட்ட அஞ்சு, நம்மகிட்ட அஞ்சுன்னு கேக்க மாட்டியா?” என்றாள் விஜிலா.

“அவங்களுக்கு இருக்கதே பன்னெண்டடி அகலம். அதுல அஞ்சு போனா அப்பொறம் எங்கன படுப்பான்?”

“தங்கதுரை வாங்க மாட்டாரு.”

“வாங்க மாட்டாருதான்” என்றான் ரோச். நாடாவைச் சுருட்ட அவனுக்கு வெகுநேரம் ஆனது.

அலுவலகத்துக்கு நால்வரும் போனார்கள். காசிலிங்கம் ரோச்சின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தான். சுடலைமாடத்தி விஜிலாவோடு ஆட்டோவில் வந்தாள். வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாற்பதடி போதும் என்று எழுதியிருந்த மனுவை ஜெயபிரியா வாங்கிப் படித்தாள். முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள். “போன விசாரணையில ஆள் குடியிருக்கல, சாமான் கொட்டகைன்னு சொன்னது நீங்கதான, சார்?”

காசிலிங்கம் ரோச்சைத் திரும்பிப் பார்த்தான்.

“நான்தான்” என்றான் ரோச்.

“எழுத்துல குடுத்தது?”

“நான்” என்றாள் விஜிலா.

காசிலிங்கம் தன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அவனுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். கண்ணாடி வழியாக அவன் தெரிந்தான்: வேப்ப மரத்தடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றான். கால் மணி நேரம் கழித்து வந்தான். “எங்கன கையெழுத்துப் போடணும்?” என்று ஜெயபிரியாவிடம் மட்டும் கேட்டான். போட்டான். திரும்பிப் போகும்போது பைக்கில் ஏறவில்லை. மனைவியோடு பஸ்ஸுக்கு நடந்தான்.

மாறுதல் வர பதினொரு மாதம் ஆனது. அதற்குள் இரண்டு முறை அளந்தார்கள், மூன்று முறை காகிதம் கேட்டார்கள். தங்கதுரை வேறு இடம் பார்த்துக்கொண்டார். கலங்கரை விளக்கம் தெரியும் வீட்டில் யாரோ குடி வந்து, ஜன்னலில் துணி காய்வதை விஜிலா அலுவலகம் போகும்போது பார்த்தாள்.

ஒருவழியாக உத்தரவு வந்தது. சாலை நாற்பதடி. கொட்டகைகள் தப்பித்தன. ரோச் வீட்டின் கிழக்கு ஓரத்து இரண்டு அறைகளும் சாலைக்குள் போயின. மற்ற அறைகளின் கூரையைப் பிரித்துப் போட அனுமதி கிடைத்தது. அந்த இரண்டைத் தொடக் கூடாது. அளவையாளர் வந்து சுவரில் சிவப்பு மையால் அம்புக்குறி போட்டார்.

“ரோடு எப்ப வரும், சார்?” என்று மரியசெல்வி கேட்டாள்.

“அது எங்களுக்குத் தெரியாதும்மா.”

ரோச்சும் மரியசெல்வியும் கோயம்புத்தூர் போகவில்லை. அரை வீட்டை விற்கவும் ஆள் இல்லை. பீரோ மட்டும் கூடத்திலிருந்து போய்விட்டது. சிவப்பு அம்பு போட்ட அறைக்குள் அதைப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் கூரையைப் பற்றி, கம்பியைப் பற்றி, கொத்தனார் வராததைப் பற்றி. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அன்னைக்கு நீ கூர போடச் சொன்னது சரிதான்ளா” என்றான் ரோச். விஜிலா அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அடக்கத்தன்று சொன்னதற்காக அவளுக்கும் சொல்ல வேண்டியது இருந்தது. வாய் வரவில்லை.

மாசியில் சுடலைமாடத்தியின் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். கலவை இயந்திரம் காலையிலிருந்து இரைந்தது. மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் அவள் வெற்றிடத்தைக் கடந்து வந்து குசினிக் கதவுக்கு வெளியே நின்றாள். கடிதம் கொண்டுவந்த அன்றைக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

“தளம் எறுகத் தண்ணி கட்டி நிப்பாட்டணும். எங்க கொழாயில காத்துதான் வருது. ஒரு பத்து நாளைக்கு ஒங்க மோட்டாருல ஓஸ் போட்டுக்கிடட்டுமா?” யக்கா என்று அவள் சொல்லவில்லை.

“போட்டுக்கோ” என்றாள் விஜிலா.

ரோச் ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். எதிரே, புதுத் தளத்தின் விளிம்பில் காசிலிங்கம் நின்றிருந்தான். ரோச் ஒரு நுனியைக் கீழிருந்து நீட்டினான். காசிலிங்கம் குனிந்து வாங்கிக்கொண்டான். விஜிலா உள்ளே போய் மோட்டாரைப் போட்டாள்.